க்யூபிட்டின் மூன்றாம் படி

அப்பாவின் காரியங்கள் முடிந்த வாரம் காலனியிலிருந்து சிலர் வந்து எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள். முன்னறை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உறங்குவதும் உண்பதும் நான் படிப்பதும் அந்த ஓர் அறையில்தான். மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் அது ஒன்று. அப்பாவுக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அதே வேலைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தெருக்கூட்ட ஆள் கூட்டிவந்த காலத்தில் வந்தவர்கள். எங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம். பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தைப் பிற்பாடு விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நானே கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

வந்தவர்கள் சொன்னது இதுதான். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும். அண்ணன் எடுத்தால், ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு, அப்பா பார்த்த அதே துடைப்பமும் தள்ளுவண்டியும். நான் எடுத்தால் கிளார்க். இரண்டு பேரும் எடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும்.

துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பில் இருந்த ஒருவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மோளே, நம்ம ஆளு ஒருத்தர்கூட அந்தக் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்ததில்ல. சம்பளம் வாங்கப் போனாலும் சன்னலுக்கு வெளியதான். நீ உக்காந்தா அப்புறம் எவனும் எங்கள வராந்தாவுல நிக்கவச்சுப் பேச மாட்டான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. காலனியில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அப்போது நான் எர்ணாகுளத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் ஆண்டு. ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். படிப்பு முடியும்வரை பொறுக்கலாம், விண்ணப்பத்துக்கு அவகாசம் இருக்கிறது என்று சங்கத்தில் விசாரித்துச் சொன்னார்கள். ஆகவே எனக்கு இரண்டாம் ஆண்டின் கடைசிவரை நேரம் இருந்தது. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துப் போனால் துடைப்பம் அண்ணன் கைக்குப் போகும். இடம் கிடைக்காவிட்டால் நாற்காலி எனக்கு.

அப்பா வேலை முடிந்து வந்தால் குழாயடியில் நீல சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார். துடைப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. "இது என்னோட போகட்டும், என் பிள்ளைங்க கையில வரக்கூடாது" என்று அங்கே நின்றபடி பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் அவர் செய்த சத்தியமாகவே வைத்திருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட், மீக்கடத்தி க்யூபிட்டைக் கட்டுப்படுத்தும் முறைகள் பற்றியது. அது என்னவென்று நான் அன்றைக்குப் புரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன்.

சிறிய சிலிக்கான் சில்லின் மேல் அலுமினியத்தால் வரைந்த ஒரு மின்சுற்று. அதில் ஓரிடத்தில் இரண்டு அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே துருவைப்போல மெல்லிய ஒரு படலம். இதைக் கடும் குளிரில், இதற்குக் கீழே குளிரே கிடையாது என்று சொல்லும் எல்லைக்குப் பக்கத்தில் வைத்தால், மின்தடை முழுவதும் போய்விடும். அதுதான் மீக்கடத்தி. அப்போது அந்தச் சுற்று ஓர் அணுவைப்போல நடக்கத் தொடங்கும். அதன் ஆற்றல் சரிவில் ஏறுவதுபோல ஏறாது, படிப்படியாகத்தான் இருக்கும். அடிப்படி பூஜ்யம், அடுத்தது ஒன்று. இவை இரண்டும், இரண்டும் கலந்த நிலைகளும்தான் க்யூபிட். சாதாரணக் கம்ப்யூட்டரில் இந்தக் கலவை கிடையாது.

அதைக் கட்டுப்படுத்துவது நுண்ணலையால். செல்போன் அலைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பி வழியாக, இரண்டு படிகளுக்கு இடையே உள்ள உயரத்துக்குப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒரு துடிப்பை அனுப்பினால், பூஜ்யத்தில் இருப்பது ஒன்றுக்கு ஏறும். நிறுத்தாமல் அனுப்பினால் திரும்ப இறங்கும், மறுபடி ஏறும். பாதி வழியில் நிறுத்தினால் இரண்டும் சமமாகக் கலந்திருக்கும். துடிப்பு எவ்வளவு பலம், எவ்வளவு நேரம் என்பதுதான் முழு வித்தையும். பக்கத்துக் கம்பியில் மின்னோட்டம் விட்டுக் காந்தப்புலத்தை மாற்றி, படிகளின் உயரத்தையே கூட்டிக் குறைக்கும் இன்னொரு முறையும் உண்டு. எனக்குக் கிடைத்தது நுண்ணலை.

காலனியில் இது பரவியது. ஏதோ ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து நான் படிக்கிறேன் என்று அம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு அக்காவின் கணவர் தோப்பும்படி மீன்பிடித் துறையில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை பார்த்தார். "ஐஸ் ப்ளாண்ட்டுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி.? என்கிட்ட கேட்டிருந்தா நானே சேத்துவிட்டிருப்பேனே" என்று வாசலில் நின்று கேட்டார். நான் அவரிடம் வெகுநேரம் விளக்கினேன். கடைசியில், "அப்போ மீன் வைக்க மாட்டீங்க" என்றார்.

எங்கள் கல்லூரியில் குளிர்பெட்டி எதுவும் கிடையாது. அது நாட்டிலேயே அன்று ஓரிரு இடத்தில்தான் இருந்திருக்கும். நான் செய்தது கணக்கு. துறையில் மாணவர்களுக்கென்று இருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றில், அந்தச் சுற்றுக்குத் துடிப்பு அனுப்பினால் என்ன நடக்கும் என்று ப்ரோகிராம் எழுதிப் பார்ப்பது. வழிகாட்டிய சார், வாழ்நாள் முழுக்க அணுக்களையும் ஒளியையும் பற்றி ஆராய்ந்தவர். அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இந்தச் சுற்றுகளைப் பற்றிக் கட்டுரைகள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றைப் படித்து உற்சாகமாகியிருந்தார். அணு என்றால் கடவுள் கொடுத்ததை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும், இதை நாமே வரைந்துகொள்ளலாம் என்று வகுப்பில் சொல்வார். அணுக்களுக்கு அவர் எழுதி வைத்திருந்த கணக்கை எனக்குக் கொடுத்தார். அதில் இரண்டு படிகள், பூஜ்யமும் ஒன்றும். துடிப்பு, பெட்டியின் ஓரம்போல நேராக ஏறி, நேராக இறங்கும்.

விடை அழகாக வந்தது. இந்தச் சுற்று எதையும் அதிக நேரம் நினைவில் வைத்திருக்காது. ஒன்றாம் படியில் ஏற்றி வைத்தால், கண் இமைப்பதற்கு எவ்வளவோ முன்பே தானாக விழுந்துவிடும். ஆகையால் துடிப்பைக் குறுக்கிப் பலமாக அடித்தால், விழுவதற்குள் வேலை முடிந்துவிடும். குறுக்கக் குறுக்கப் பிழை குறைந்தது. வரைபடத்தில் கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது.

சார் அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். வடக்கே ஒரு நகரத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். அங்கே உண்மையான குளிர்பெட்டி இருந்தது. சார் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அதில் இந்த வேகத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுதியிருப்பதாக அவரே சொன்னார்.

எனக்குத்தான் அந்தக் கோடு உறுத்தியது. மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து காலையில் கல்லூரிக்குப் படகில் போகும்போது காகிதத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போவேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் கோட்டை நான் எதிலும் பார்த்ததில்லை. அதைவிட, உண்மையில் இயந்திரம் வைத்திருந்தவர்களின் கட்டுரைகளில் துடிப்புகள் எங்களுடையதைவிட நீளமாக இருந்தன. சிலவற்றில் ஓரங்கள் மழுங்கியிருந்தன. வேகமாகப் போக முடியும் என்றால் இவர்கள் ஏன் மெதுவாகப் போகிறார்கள்? நாம் அறியாத ஒன்றை இவர்கள் பட்டு அறிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அணுவில், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் மேலே உள்ள படிகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். ஓர் இடைவெளிக்குப் பொருந்தும் அலை மற்றதைத் தொடாது. அதனால் மேலே இருப்பவற்றை மறந்துவிட்டுக் கணக்குப் போடலாம். அணுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அது அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் இந்த அலுமினியச் சுற்றில் படிகள் ஏறக்குறைய ஒரே உயரம். ஒன்றிலிருந்து அதற்கு அடுத்ததான மூன்றாம் படிக்குப் போகும் உயரம், பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. துடிப்பைக் குறுக்கினால் அதன் அதிர்வெண் ஒரே இடத்தில் நிற்காது, இரண்டு பக்கமும் பரவும். மிகவும் குறுக்கினால் அந்த மூன்றாம் படியையும் தொட்டுவிடும்.

ஒரு மதியம், சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தபோது, கணக்கின் அட்டவணையில் மூன்றாம் படிக்கென்று ஒரு வரிசையும் ஒரு நிரலும் சேர்த்து ஓடவிட்டேன். கோடு கீழே போனது, ஓரிடத்தில் நின்றது, அங்கிருந்து மேலே ஏறத் தொடங்கியது. நான் அனுப்பியது பூஜ்யத்திலும் இல்லை, ஒன்றிலும் இல்லை. நாங்கள் கணக்கிலேயே சேர்க்காத இடத்துக்குக் கசிந்து போயிருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார். ப்ரோகிராமை வரி வரியாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில் பேசிக்கொண்டோம்.

"அணுவுக்கு என் கணக்கு சரிதானே?"

"அணுவுக்குச் சரி, சார்."

"அப்போ கணக்கில் தப்பில்லை."

"தப்பில்லை சார். ஆனா இது அணு இல்லையே."

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. ப்ராஜெக்டை இருக்கிறபடி சமர்ப்பித்துவிடு, நாள் குறைவு, மூன்றாம் படியைப் பிறகு தனியாகப் பார்க்கலாம் என்றார். கடிதம் போய்விட்டது, நேர்காணலில் அதற்கு மாறாக எதையும் சொல்லிக் குழப்பிக்கொள்ளாதே என்று தாழ்ந்த குரலில் சேர்த்தார். அவர் நல்ல மனிதர். என் நன்மைக்காகத்தான் சொன்னார். அவர் பெயரையும் காப்பாற்றிக்கொண்டார் என்பதும் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகான வாரங்களில் துடிப்பின் வடிவத்தை மாற்றிப் பார்த்தேன். நேராக ஏறாமல் மெல்ல ஏறி, உச்சியில் வளைந்து, மெல்ல இறங்கும் துடிப்பு. ஓரத்தை மழுக்கினால் அதிர்வெண் பரவுவது குறைகிறது. மூன்றாம் படிக்குக் கசிவதும் குறைகிறது. ஆனால் நேரம் கூடும், நேரம் கூடினால் தானாக விழுவதும் கூடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளம் இருந்தது. அது சாரின் கடிதத்தில் இருந்த வேகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. என் கையில் இருந்த உண்மையான விடை அதுதான், பார்ப்பதற்குச் சுமாராக இருந்தது.

அம்மா பஜார் ரோட்டு கோடவுனில் சுக்கு தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாலையில் வந்து, சேலையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டே, என்ன ஆச்சு என்று கேட்பாள். நான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ மெதுவாத் தொடணும்னு கண்டுபுடிச்சிருக்க" என்றாள்.

"ஆமாம்மா."

"இதுக்கா ரெண்டு வருஷம்?"

அண்ணன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அம்மா சிரிக்காமல், விண்ணப்பத்தில் யார் பேரை எழுதுவது, சங்கத்தில் கேட்கிறார்கள் என்றாள். அண்ணன் சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ போயிட்டு வரட்டும். வந்து பேசலாம்" என்றான்.

நேர்காணலுக்கு ரயிலில் போகும்போது இரண்டு படங்களும் என் பையில் இருந்தன. கடிதத்தில் எழுதியிருப்பதைச் சொன்னால் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு. இல்லை, அது தப்பு என்று நானே சொன்னால், எனக்காக வந்த ஒரே சிபாரிசை நானே கிழிப்பதுபோல. எது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது. நான் தோற்றால் எனக்கு நாற்காலி, ஜெயித்தால் அண்ணனுக்குத் துடைப்பம் என்பதும் கூடவே வந்தது. சில நேரம் தோற்பதே நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைப்பதும் பிடிக்கவில்லை.

நேர்காணல் அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். குளிர்பெட்டி ஆய்வகத்தை நடத்தியவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், நரைத்த தாடி. என்னுடைய ஆங்கிலம் புத்தகத்திலிருந்து வந்தது. பேசும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. இருந்தாலும் கரும்பலகைக்குப் போனதும் சரியாகிவிட்டது. முதலில் கீழே போகும் கோட்டை வரைந்தேன். தாடிக்காரர் தன் முன் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு வேகம்வரை போகலாம் என்று கேட்டார்.

"இந்த வேகம் கிடைக்காது. இது இரண்டு படி மட்டும் உள்ள ஒன்றுக்கான விடை. நீங்கள் செய்யும் சுற்றில் மூன்றாவது இருக்கிறது."

பக்கத்திலேயே மேலே ஏறும் கோட்டை வரைந்தேன். உங்கள் வழிகாட்டிக்கு இது தெரியுமா என்று இன்னொருவர் கேட்டார். தெரியும், காட்டினேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். ப்ரோகிராமை வரி வரியாகச் சரிபார்த்தார் என்றேன். அது உண்மை. அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர்களும் அதை விட்டுவிட்டார்கள்.

தாடிக்காரர் விடவில்லை. குளிர்பெட்டிக்குள் போகும் கம்பி, வழியில் அலையைப் பெரும்பாலும் தின்றுவிடும், சுற்றுக்கு எவ்வளவு பலம் போய்ச் சேர்கிறது என்று எப்படி அறிவாய் என்று கேட்டார். நான் ஆய்வகம் கண்டதில்லை. யோசித்து, அறிய முடியாது, பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அனுப்பி, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனால் முதல் உச்சி எங்கே வருகிறதோ அதுதான் நமக்கு வேண்டிய பலம் என்றேன். தலையசைத்தார். உன் மூன்றாம் படியை எப்படிப் பார்ப்பாய், எங்கள் கருவி பூஜ்யம் அல்லது ஒன்று என்று இரண்டு பதில்தான் சொல்லும் என்றார்.

இது எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்றாவதில் இருந்தாலும் கருவி அதை ஒன்று என்றே சொல்லிவிடக்கூடும். நன்றாக நடந்தது என்று நாம் எழுதி வைத்துக்கொள்வோம். சுண்ணக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றையும் மூன்றாவதையும் இடம் மாற்றும் தனித் துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, ஒன்றைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்க்கலாமோ என்று ஆரம்பித்தேன். பாதியில் குழம்பிவிட்டது. தெரியவில்லை என்று சொல்லிச் சுண்ணக்கட்டியை வைத்தேன். நன்றி, போகலாம் என்றார்கள். யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டேன். இடம் கிடைக்காது. ஆகவே நாற்காலி. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அம்மாவிடம் என் பெயரையே எழுதிவிடச் சொன்னேன். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் என் பேரக் கொடுத்தாச்சு" என்றான். "நீ ரயிலேறின அன்னிக்கே."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கத்தினேன். அப்பா என்ன சொன்னார் என்று நினைவில்லையா, அவர் செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே என்று கேட்டேன்.

"அது உன்கிட்ட சொன்னது" என்றான். குரல் உயரவில்லை. "என்கிட்ட அப்பா அப்படி ஒண்ணும் சொல்லல. எனக்கப்புறம் இந்த வேல உனக்கு, சூதானமா இருந்து வாங்கிக்கன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரியிலயும் சொன்னாரு. அம்மாகிட்ட கேளு."

அம்மா ஆமாம் என்றாள்.

அவன் நின்றபடியே மேலும் பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பஜார் ரோட்டில் மூட்டை தூக்க யூனியன் கார்டு வேண்டும். அது அவனுக்குக் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கப் போவதுமில்லை. கோடவுன்கள் ஒவ்வொன்றாகப் பூட்டி, பழைய சாமான் கடைகளாகிக்கொண்டிருந்தன. கார்ப்பரேஷன் வேலை நிரந்தரம், பென்ஷன் உண்டு. அதை அவன் அப்பா போனதிலிருந்தே மனதில் வைத்திருந்தான். காலனியில் எல்லோரும் என்னை நாற்காலியில் உட்காரவைப்பது பற்றியே பேசியதால் அவனிடம் யாரும் கேட்கவில்லை.

"நீயும் கேக்கல" என்றான். "உனக்குத் துடைப்பம்னா அசிங்கம். எனக்கு அப்படி இல்ல. நீ ஆபீஸ்ல உக்காந்து சம்பளக் கணக்கு எழுத, நான் சன்னலுக்கு வெளிய நின்னு கையெழுத்துப் போட, நீ தலைய நிமித்தாம இருப்ப. எனக்கு அது தெரியும்."

அவன் சொன்னதில் எது தப்பு என்று தேடினேன், கிடைக்கவில்லை. அப்பா போனதிலிருந்து நான் போட்ட கணக்கில் வேலைக்குப் போவதா ஆராய்ச்சிக்குப் போவதா என்று இரண்டு பக்கம்தான் இருந்தது. அண்ணனை அதில் நான் விலையாக எழுதியிருந்தேன், ஆளாக எழுதவில்லை.

சில வாரம் கழித்து நிலையத்திலிருந்து தகவல் வந்தது. என்னை எடுத்திருந்தார்கள். சாரிடம் சொல்லப் போனேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே பழைய படம் இல்லை. ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாம் படி பற்றிய அத்தியாயத்தைப் புரட்டி இது யாருடையது என்று கேட்டபோது, "அது அவளுடையது, எனக்கு அதில் பங்கில்லை" என்று சார் சொன்னார். அந்த அத்தியாயத்தைச் சேர்த்துக் கட்டச் சொன்னவரும் அவர்தான்.

காலனியில் சந்தோஷப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். பெரியப்பா வீட்டுக்கு வரவில்லை. சந்து முனையில் பார்த்தபோது, "நல்லா இரு மோளே. எங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் வராந்தாதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதில் குத்தல் இருந்ததா, அலுப்பு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்தில் முதல் வருஷம் கம்பி பற்றவைப்பதிலும், பெட்டி குளிர்வதற்குக் காத்திருப்பதிலும், கசியும் இணைப்புகளைத் தேடுவதிலும் போனது. ஒரு நாள் காலை, தாடிக்காரர் ஊரில் இல்லாதபோது, நான் அனுப்பிய துடிப்புக்கு அலுமினியச் சுற்று ஏறி இறங்கியது. திரையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, மேலும் கீழுமாக ஒரு வளைகோடு ஆயின. முதல் உச்சி எங்கே வந்ததோ அங்கே பலத்தை நிறுத்தி, ஓரம் மழுங்கிய துடிப்பை அனுப்பினேன். மேலே போய் நின்றது. என் கையால் எழுதிய ஒரு வடிவத்துக்கு, பார்க்கவே முடியாத ஒன்று, சொன்ன இடத்துக்குப் போய் நின்றது. அந்த அறையில் பம்புகளின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள் அம்மா.

அடுத்த நாள் அதே துடிப்பை அனுப்பியபோது சரியாக ஏறவில்லை. சுற்றின் அதிர்வெண் இரவில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. தினமும் காலையில் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். நேற்றைய எண் இன்றைக்கு உதவாது. அதன் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கிக் காலையில் பஜார் ரோடு வழியாக நடந்தேன். கடைகள் திறக்கவில்லை. அண்ணன் காக்கிச் சட்டையில் இன்னொருவரோடு பெருக்கிக்கொண்டு வந்தான். கூட இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி சயின்டிஸ்டு வந்தாச்சு, இனி நாம கம்ப்யூட்டர்ல பெருக்கலாம்" என்றார். அண்ணன், "முதல்ல உன் பக்கத்தப் பெருக்குடா" என்றான்.

என்னிடம், அந்த ஓரமாக நட, இங்கே தூசி என்றான். நான் நடக்கவில்லை, நின்றேன். அவன் கையில் அது இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. அவனுக்கு அது தெரியும், நான் மறைக்க முயற்சி செய்வதும் தெரியும். அவன் அவசரப்படாமல் அந்தத் துண்டை முடித்தான். குப்பையைக் கூட்டி வண்டியில் அள்ளிவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் பெரிய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். சந்து முனைவரை கூட வந்தான். அங்கே பையைக் கீழே வைத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று திரும்பிப் போனான்.